மூக்கால் குடித்த மின்சாரம்

ஒரு மின்சார ஆபீஸில் ஓடிக்கொண்டிருந்த கரண்ட் முழுவதையும், கீழ்த்தளம் மேல்தளம் இரண்டையும் சேர்த்து, என் மாப்பிள்ளை ஒரே இழுப்பில் மூக்கால் உறிஞ்சிக் குடித்துத் தீர்த்தார். விளக்கு போனது, மின்விசிறி போனது, மேலே பெரிய அதிகாரியின் அறையில் ஏசி போனது. கூடவே நின்று பார்த்தவன் நான். பொய்யென்றால் என் மீசை உதிரட்டும். எனக்கு மீசை கிடையாது என்பது வேறு விஷயம்.

"உன் பேச்சுல முக்கால்வாசியைத் தள்ளிட்டு, மீதியைத் தண்ணியில அலசினாத்தான் ஏதாவது தேறும்" என்றாள் என் தங்கை, இதை முதன்முதலில் கேட்டபோது. அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகள் துவைக்கிறவள். எதையும் அலசாமல் ஏற்றுக்கொள்ள மாட்டாள்.

நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னை எல்லாரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் விசில் ஊதினால் எதிர்ச் சாரியில் போகிற பஸ்ஸும் நிற்கும். ஒரு தடவை சவ ஊர்வலமே நின்றுவிட்டது. பெட்டிக்குள் இருந்தவர் தன் ஸ்டாப் வந்துவிட்டதென்று எழுந்துவிடுவாரோ என்று தூக்கிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன், கல் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். மலையிலிருந்து வரும் பாறையைப் பலகை பலகையாக அறுத்துப் பளபளவென்று தேய்த்துக் கொடுப்பார். பெரிய மனிதர்கள் செருப்பில்லாமல் நடக்கிற தரையெல்லாம் அவர் கைப்பட்டது. கல்லை அவர்கள் எடுத்துக்கொண்டு தூசியை இவருக்கு விட்டுவிட்டார்கள். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர், "மூச்சுப் பை பூரா கல்லுத் தூசி" என்றார். அந்தக் கல்லை வைத்து ஒரு சின்ன வீடு கட்டி வாடகைக்கு விடலாம் என்று டாக்டர் சொன்னதாக நான்தான் ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். மாப்பிள்ளைக்கு அந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். "வாடகை... யாரு... வாங்குறது?" என்பார்.

அவர் பேச்சு அப்படித்தான். வார்த்தைக்கு ஒரு மூச்சு செலவு. அதனால் தேவையில்லாத வார்த்தையை வெளியே விடமாட்டார். தேவையான வார்த்தை என்றால் அவருக்குக் கிண்டல்தான்.

ஆஸ்பத்திரி ஒரு மெஷினை இரவல் கொடுத்திருந்தது. அறையில் இருக்கிற காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்புகிற மெஷின். சூட்கேஸ் உயரம், எருமைக் கன்று கனம். குர்ர் என்று இரையும், நடுவில் புஸ்ஸென்று பெருமூச்சு விடும். அந்தச் சத்தம் நிற்கக் கூடாது. அது கரண்டைக் குடித்தால்தான் இவர் காற்றைக் குடிக்க முடியும்.

கரண்டுக்கு விலை இருக்கிறதே.

எங்கள் வரிசை, ஒருவர் சுவரை இன்னொருவர் பங்கு போட்டுக்கொண்ட ஒற்றை அறை வீடுகள். எல்லா வீட்டுக்கும் ஏழைச் சலுகை உண்டு. குறைவாகக் கரண்ட் செலவழித்தால் பில்லில் பாதிக்கு மேல் கழித்துவிடுவார்கள். செலவு கூடினால் சலுகை போச்சு. இதைப் பார்க்க மின்சார ஆபீஸிலிருந்து சலுகை அதிகாரி ஒருவர் திடீரென்று வருவார். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், கூரைக்கும் சுவருக்கும் நடுவில் என்று ஒன்று விடாமல் பார்ப்பார். எங்கள் வரிசை அவருக்கு வைத்த பெயர் எட்டிப்பார்.

எட்டிப்பார் தெருமுனையில் தலை காட்டினால், முதல் வீட்டில் தண்ணீர்க் குழாயைக் கரண்டியால் தட்டுவார்கள். ஒரே குழாய்தான் எல்லா வீட்டுச் சுவரிலும் ஓடுகிறது. ணங் ணங்கென்று சத்தம் கடைசி வீடு வரைக்கும் போய்விடும். அடுத்த நிமிஷம் வரிசையே நாடகக் கொட்டகை ஆகும். ஃபிரிட்ஜுக்குப் பாவாடை கட்டித் துணி அலமாரி ஆக்குவார்கள். டிவி சுவர் பக்கம் திரும்பிக் கோழிக்கூண்டாக நடிக்கும். இஸ்திரிப் பெட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு கர்ப்பிணியாக நின்றவளை நானே பார்த்திருக்கிறேன். நிஜ ஏழைகள் மெனக்கெட்டு ஏழை வேஷம் போடுவதை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

ஏழைச் சலுகை போக இன்னொரு சலுகையும் இருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. உயிர் காக்கும் மெஷின் வைத்திருக்கிற நோயாளி வீட்டுக்கானது. எவ்வளவு கரண்ட் போனாலும் சலுகை நீடிக்கும், பில் பாக்கி இருந்தாலும் லைனைத் துண்டிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியே மாப்பிள்ளைக்காக அதற்கு எழுதிப் போட்டிருந்தது. மெஷின் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். பார்க்க யாரை அனுப்புவார்கள்? வேறு யாரை, எட்டிப்பாரைத்தான்.

அன்றைக்குக் காலையில் நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், என் கட்டிலில் யாரோ தலையோடு கால் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார்கள். நான் தனிக்கட்டை. என் கட்டிலில் என்னைத் தவிர மூட்டைப்பூச்சிக்கு மட்டும்தான் உரிமை. "யாருய்யா அது, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று போர்வையை உருவினேன்.

மெஷின் படுத்திருந்தது. குழாயைச் சுற்றித் தலைமாட்டில் வைத்திருந்தார்கள்.

பக்கத்து வீடுதான் தங்கை வீடு. ஓடினேன். உள்ளே எட்டிப்பார் நின்றுகொண்டிருந்தார். தங்கை வேலைக்குப் போகாமல் அவர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விறைத்து நின்றாள். மாப்பிள்ளை கட்டிலில் தலையணையைக் கட்டிப்பிடித்து முன்னால் குனிந்திருந்தார். அவர் தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

"வீட்ல நோயாளி யாராவது இருக்காங்களாம்மா?"

"ஐயோ, யாரும் இல்லீங்க சார். இவருக்குச் சும்மா சளி."

"மெஷின் ஏதாவது?"

"மெஷினா? எங்களுக்கு ஏது சார்? ஒரே ஒரு பல்பு. அதையும் சீக்கிரம் அணைச்சிருவோம்."

எட்டிப்பார் மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஏங்க, அப்படிங்களா?"

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். அது ஆமாமா இல்லையா, மூச்சுக்கு ஏங்கியதா என்று யாருக்கும் புரியாத ஆட்டல். எட்டிப்பார் கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை, கதவுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதையோ எழுதிக்கொண்டு போனார். அவர் முதுகு மறைந்ததும் நானும் தங்கையுமாக மெஷினைத் தூக்கி வந்து செருகினோம். மாப்பிள்ளையின் உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. நிறம் திரும்ப வெகுநேரம் ஆனது.

"தப்பிச்சோம்ணா" என்றாள் தங்கை, வேர்வையைத் துடைத்துக்கொண்டு. "மெஷினைப் பார்த்திருந்தா இருக்கிற சலுகையும் போயிருக்கும்."

அவளுக்குத்தான் எவ்வளவு சந்தோஷம்!

பிறகு ஆபீஸிலிருந்து பதில் வந்தது. வீட்டில் நோயாளி இல்லை, மெஷின் இல்லை. ஆனால் கரண்ட் மட்டும் பங்களா கணக்கில் போகிறது. ஆகவே இவர்கள் ஏழையும் இல்லை. இரண்டு சலுகையும் ரத்து. பழைய பில்லையும் முழு விலையில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் லைன் துண்டிக்கப்படும் என்று தேதி போட்டிருந்தது. அந்தப் பில்லைக் கட்ட வேண்டுமானால் தங்கை ஊரிலுள்ள அழுக்கு முழுவதையும் துவைக்க வேண்டும்.

அவள் தரையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படித்தாள். "நான்தானே சொன்னேன், சும்மா சளின்னு" என்றாள்.

பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். இழுத்தால் கொடுத்த வீட்டுச் சலுகையும் போகும், லைனும் போகும். என் வீட்டையும் சேர்த்துத்தான். அதற்குப் பிறகு இழுக்க வீடு இருக்காது.

தங்கைக்கு லீவு கிடையாது. நான் போனேன். மின்சார ஆபீஸின் கீழ்த்தளம் ஒரு நீளக் கூடம். ஜன்னல்களை மறைத்துக் கூரை வரைக்கும் ஃபைல் அடுக்கியிருந்ததால் பட்டப்பகலிலும் குழல்விளக்கு எரிந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒரு டீ கெட்டில் கொதித்தது. வரிசையில் நின்று நின்று எனக்கு இன்னொரு தடவை ஓய்வு பெறுகிற வயசு ஆனபோது, எட்டிப்பாரின் மேசை வந்தது. ஆபீஸ் கடிதத்தை நீட்டினேன்.

"சார், அந்த வீட்ல மெஷின் இருக்கு."

"பெரியவரே, நானே வந்து பார்த்தேன். கட்டிலுக்கு அடியில கூடப் பார்த்தேன்."

"அடியில இல்ல சார். மேல. என் கட்டில்ல படுத்திருந்துச்சு."

"மெஷினா?"

"போர்வை போர்த்தியிருந்தாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எட்டிப்பார் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரிக் கடிதம் இருக்கு, சரி. கடிதத்துல இருக்கிற மெஷின் வீட்ல இல்லையே. நீங்க வித்திருந்தா எனக்கு எப்படித் தெரியும்? மறு சோதனைக்கு எழுதிக் குடுங்க. வரிசைப்படி வருவேன்."

"எப்ப சார்?"

"வரிசைப்படி."

"அதுக்குள்ள கட் பண்ணிருவீங்களே!"

"அது வேற பிரிவு." அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னார்: "மெஷினை நான் கண்ணால பார்க்கணும் பெரியவரே. பார்த்தா அடுத்த நிமிஷம் கையெழுத்து. பார்க்காம போட்டா என் வேலை போயிரும்."

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் அப்படியே நடித்துக் காட்டினேன். மறுநாள்தான் துண்டிக்கும் தேதி. தங்கை சலவைக்கூடத்தில் இருந்தாள்.

"கண்ணால... பார்க்கணுமாமா?" என்றார் மாப்பிள்ளை. "காட்டிருவோம்... மச்சான்."

"தாங்குவீங்களா?"

"நாளைக்கு... கட் ஆனா... தாங்கித்தானே... ஆகணும்?"

தெருமுனைக் காய்கறிக்காரரிடம் தள்ளுவண்டியை இரவல் வாங்கினேன். மெஷினை முதலில் ஏற்றிக் கயிற்றால் கட்டினேன். கடைசியாகத்தான் குழாயைக் கழற்றி மாப்பிள்ளையைத் தூக்கி உட்கார வைத்தேன். அந்த உடம்பில் கனமாக இருந்தது கல் மட்டும்தான்.

ஆபீஸ் இரண்டு தெரு தள்ளி. நான் தள்ளிய வேகத்தில் ஒரு பஸ்ஸை முந்தினேன், ஒரு நாயை முந்தினேன், என் நிழலையே முந்திவிட்டேன். வாயில் விசில். ஊதிய ஊதலில் தெரு இரண்டாகப் பிளந்து வழி விட்டது. நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை மெஷினைக் கட்டிப்பிடித்து அதன் மேல் கன்னத்தை வைத்திருந்தார். கண் திறந்திருந்தது. அப்புறம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

வாசலில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்தார். "சாமான் எல்லாம் உள்ள கொண்டு போகக் கூடாதுங்க." வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். மெஷினை அவரே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார். மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

கூடத்துச் சுவரில் ஒரு பிளக் காலியாக இருந்தது. செருகினேன். குர்ர், புஸ். வரிசை விலகி வட்டமாக நின்றது. யாரோ நாற்காலி போட்டார்கள். மாப்பிள்ளையின் மூக்கில் குழாயை மாட்டிவிட்டு நிமிர்ந்தால் எட்டிப்பார் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே இது? ஆபீஸ் கரண்ட்டுல சொந்த மெஷினைச் செருகக் கூடாது. எடுங்க, எடுங்க!"

"எடுத்தா ஆள் போயிருவார் சார். நல்லாப் பார்த்துக்கங்க, கண்ணால."

அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார். மெஷினைப் பார்த்தார். மாப்பிள்ளையின் உதட்டைப் பார்த்தார். அந்த உதட்டை அவர் முன்பே பார்த்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மாப்பிள்ளை அப்போதுதான் முழு மூச்சு ஒன்றை உள்ளே இழுத்தார். இழுத்தாரே பாருங்கள்!

டப்.

கூடம் இருண்டது. மேலே, கீழே, எல்லாம். பழைய ஒயரிங், மேசைக்கு மேசை கெட்டில், அதோடு மெஷினும் சேர்ந்து மெயின் ஃபியூஸ் போயிற்று என்று பிறகு சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அவர் உறிஞ்சினார், கரண்ட் தீர்ந்தது. நான் பார்த்ததைத்தான் நான் சொல்ல முடியும்.

இருட்டில் மெஷின் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கரண்ட் நின்றால் அது அப்படித்தான் கத்தும்.

"வயர்மேன்! வயர்மேன் எங்கய்யா?" இது எட்டிப்பாரின் குரல்.

"எல்லாரும் வெளிய போயிருக்காங்க சார்" என்றார் வாட்ச்மேன்.

"எங்க?"

"கட் பண்றதுக்கு சார். இன்னிக்கு நிறைய வீடு."

எட்டிப்பார் போனில் கத்தினார். அவர்களுடைய வேன் பெரிய ரோட்டில் நெரிசலில் நிற்பதாகத் தெரிந்தது. நான் ஓடினேன். ரோட்டின் நடுவில் நின்று, என் வேலைக்காலம் முழுவதும் ஊதிய விசிலையெல்லாம் சேர்த்து ஒரே விசிலாக ஊதினேன். லாரி ஒதுங்கியது, பஸ் பின்னால் போனது, போலீஸ்காரரே எனக்கு சல்யூட் அடித்துவிட்டு ஓரம் போனார். உண்மையைச் சொன்னால், இரண்டு கார்க்காரர்கள் என் தாயாரைப் பற்றிக் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டு நகர்ந்தார்கள். வேன் வந்தது.

வயர்மேனை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தேன். மாப்பிள்ளையை வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் தூக்கி வந்திருந்தார்கள். எட்டிப்பார் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அவரைத் தன் நெஞ்சில் சாய்த்து நிமிர்த்திப் பிடித்திருந்தார். வாட்ச்மேன் ஒரு ஃபைலால் விசிறிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற ஒருவரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. மாப்பிள்ளையின் நகமெல்லாம் நீலமாக இருந்தது. கண் மூடியிருந்தது.

விளக்கு வந்தது. "கெட்டிலை எல்லாம் பிடுங்குங்க!" என்று எட்டிப்பார் அலறினார். குர்ர், புஸ். நாங்கள் எல்லோரும் அந்தச் சத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்து மாப்பிள்ளை ஒரு விரலைத் தூக்கினார்.

எட்டிப்பார் அங்கேயே தரையில் உட்கார்ந்தபடி கையெழுத்துப் போட்டார். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார்.

"அன்னிக்கு... அந்த வார்த்தைக்கு... மூச்சு இல்ல சார்" என்றார் மாப்பிள்ளை.

ஆபீஸ் வேனிலேயே கொண்டுவந்து விட்டார்கள். தங்கை வருவதற்குள் எல்லாம் பழையபடி இருந்தது. அவளிடம் சொல்ல வேண்டாம் என்று மாப்பிள்ளை வாயில் விரல் வைத்தார். சலுகை கிடைத்த செய்தி வந்தபோது, "ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் படிச்சு மனசு இறங்கியிருக்காங்க போல" என்றாள். மாப்பிள்ளை என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

லைனை யாரும் துண்டிக்கவில்லை. மெஷின் மழைக்காலம் முழுவதும் ஓடியது. மழை விட்ட பிறகு ஒரு மத்தியானம், தங்கை சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது அவர் போனார். போனது தெரியாமல் மெஷின் ஊதிக்கொண்டே இருந்தது. அதை அவள்தான் அணைத்தாள். அணைத்த கையை வெகுநேரம் சுவிட்சிலிருந்து எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரி ஆட்கள் வந்து மெஷினை எடுத்துப் போன அன்றைக்கு, அவளுடைய வீட்டின் அமைதி பொறுக்காமல் நான் அந்தக் கதையைச் சொன்னேன். மூக்கு, கரண்ட், விசில், எல்லாம். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று நினைத்தேன். முக்கால்வாசியைத் தள்ளி மீதியை அலச வேண்டும் என்று அவள் சொன்னது அப்போதுதான். சொல்லிவிட்டு அழுதாள்.

"அந்த ஆளு வந்துட்டுப் போற வரைக்கும் கழட்டினதுக்கே உதடு கறுத்துப் போச்சு. என் கையாலதானே கழட்டினேன். ரெண்டு தெரு தாண்டித் தள்ளிட்டுப் போனியாக்கும்? போயிருந்தா அன்னிக்கே போயிருப்பாரு. செத்தவரை வச்சுக் கதை கட்டாதண்ணா."

பேசாத நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்த வாரம் அவள் மின்சார ஆபீஸுக்குக் கிளம்பினாள். நோயாளி இல்லை, மெஷினும் இல்லை, அந்தச் சலுகையை எடுத்துவிடச் சொல்ல வேண்டுமாம். "அவங்களே வந்து எடுத்துக்கட்டுமே, உனக்கென்ன அவசரம்?" என்றேன். "ஒரு தடவை அவங்ககிட்ட பொய் சொல்லிப் பட்டது போதும்" என்று போய்விட்டாள்.

சாயங்காலம் திரும்பியவள் தன் வீட்டுக்குப் போகாமல் நேராக என் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தக் கூடத்துல இருக்கிற பிளக்குக்கு எல்லாம் தகரப் பெட்டி அடிச்சு, பூட்டுப் போட்டு வச்சிருக்காங்கண்ணா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூட்டு."

நான் அவளையே பார்த்தேன்.

"ஏன்னு வாட்ச்மேன்கிட்ட கேட்டேன். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது. ஒருத்தரைத் தள்ளுவண்டியில வச்சுத் தள்ளிட்டு வந்தாங்கம்மா, மெஷினைச் செருகினதும் ஆபீஸே இருண்டு போச்சு, அதுலேருந்து மேலிடத்து உத்தரவுன்னாரு. லைட் வர்ற வரைக்கும் கூடத்துல எல்லாரும் கத்தியிருக்காங்க. வண்டியில வந்தவரு அவ்வளவு மூச்சுத் திணறல்லயும் பக்கத்துல இருந்தவங்களைப் பார்த்துக் கேட்டாராம், 'உங்களுக்கும்... கட் பண்ணிட்டாங்களா?'ன்னு. கத்தினவங்க எல்லாரும் சிரிச்சுட்டாங்களாம்."

இது எனக்குத் தெரியாது. நான் அப்போது ரோட்டில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன்.

"உனக்கும் அவர் சொல்லலையா?" என்றாள்.

"சொல்லலைம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"அது அவர் பேச்சுதான். வேற யார் வாயிலயும் வராது" என்றாள் துணிக்குள்ளிருந்து. "நடந்திருக்குண்ணா."